தொழில் கேள்வி – பதில்: ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தது எது, தங்கியது எது?

கேள்வி: என் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். ஸ்ரீபெரும்புதூர் செல்போன் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறோம் என்று ஊருக்குள் வேன் வந்தது. ஹாஸ்டல், சாப்பாடு, பஸ் எல்லாம் உண்டு என்கிறார்கள். அனுப்பலாமா?
– ஒரு தாய், செய்யாறு

அம்மா, அனுப்பலாம். அதற்கு முன்னால் வேனில் வந்தவரிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். வேலைக்கான ஆர்டர் யார் பெயரில் வரும்? கம்பெனி பெயரிலா, ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர் பெயரிலா? ஒரே லைனில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே வேலையைச் செய்கிற இரண்டு பெண்களில் ஒருத்தி கம்பெனி ரோலில் இருப்பாள், இன்னொருத்தி கான்ட்ராக்டில் இருப்பாள். மாதக் கடைசியில்தான் வித்தியாசம் தெரியும். ஆர்டர் குறைந்தால் முதலில் வீட்டுக்குப் போவது கான்ட்ராக்ட் பெண்தான்.

முதல் சம்பளம் வந்ததும் சம்பளச் சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அதில் பிஎஃப் பிடித்தம் இருக்க வேண்டும், அதற்கான யூஏஎன் எண் அவள் கைக்கு வர வேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் ஈஎஸ்ஐயும் கட்டாயம். அவள் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்ட வேண்டும். உமாங் ஆப்பில் யூஏஎன் போட்டுப் பார்த்தால் பிஎஃப் பணம் உண்மையிலேயே கட்டப்படுகிறதா என்பது தெரிந்துவிடும். சீட்டில் பிடித்துவிட்டு பிஎஃப் அலுவலகத்தில் கட்டாமல் விட்ட கான்ட்ராக்டர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஹாஸ்டலை நீங்களே போய்ப் பாருங்கள். ஒரு அறையில் எத்தனை பேர், கழிவறைக்குத் தண்ணீர் வருகிறதா, சமையல் எங்கே நடக்கிறது என்று பாருங்கள். 2021 டிசம்பரில், ஆப்பிளுக்கு ஐபோன் செய்து கொடுக்கும் ஃபாக்ஸ்கான் தொழிலாளர்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் சாப்பாடு விஷமாகி 150 பெண்களுக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். தோழிகள் என்ன ஆனார்கள் என்று தெரியாமல் மற்ற பெண்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆலை மூடி, 2022 ஜனவரியில்தான் திரும்பத் திறந்தது. விடுதிகள் தரமாக இல்லை என்று ஆப்பிளே ஒத்துக்கொண்டு அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. அந்தப் பெண்கள் அன்று ரோட்டில் உட்கார்ந்ததன் பலன் இன்று கண்ணுக்குத் தெரிகிறது. வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பை சிப்காட் கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். உங்கள் மகளுக்கு அங்கே இடம் கிடைக்குமா என்று கேளுங்கள்.

இன்னொன்று. வேலைக்குப் போய் ஆறு மாதமானதும் எந்த லைனில் போட்டிருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். ஸ்க்ரூ போடுவது, ஸ்டிக்கர் ஒட்டுவது, பாக்ஸ் மடிப்பது எல்லாம் வேலைதான், ஆனால் இரண்டு வருடம் கழித்து வெளியே வந்தால் சொல்லிக்கொள்ள எதுவும் இருக்காது. எஸ்எம்டி லைனுக்கு மாற முயற்சி செய்யச் சொல்லுங்கள். வெற்று போர்டில் சோல்டர் பேஸ்ட் தடவி, பொடிப் பொடியான உதிரிபாகங்களை இயந்திரம் வைத்து, ரிஃப்ளோ அடுப்புக்குள் ஓட விடுகிற இடம் அது. ஒரு ரெசிஸ்டர் 1 மில்லிமீட்டர் நீளம், அரை மில்லிமீட்டர் அகலம்தான் இருக்கும். அது நேராக உட்காரவில்லை என்றால் கோளாறு பேஸ்ட்டிலா, இயந்திரத்துக்குப் பாகத்தை எடுத்துக் கொடுக்கும் ஃபீடரிலா, அடுப்பின் சூட்டிலா என்று கண்டுபிடிக்கத் தெரிந்த பெண்ணை எந்தக் கம்பெனியும் விடாது.

கேள்வி: 2014-ல் நோக்கியா மூடியபோது என்னிடம் படித்த பெண்கள் பலர் வேலையிழந்து வீட்டுக்கு வந்தார்கள். இப்போது ஐபோன் என்று கொண்டாடுகிறோம். அதே கதை திரும்ப நடக்காது என்பதற்கு என்ன உத்தரவாதம்?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், காஞ்சிபுரம்

உத்தரவாதம் எதுவும் இல்லை ஐயா. நோக்கியா இருந்த தொழிற்பூங்காவுக்குள் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் லைன் லீடராக இருந்தவள் நான். இந்தக் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்ல என்னால் முடியாது.

நோக்கியாவோடு 2005-ல் ஒப்பந்தம் போட்டார்கள், 2006 தொடக்கத்தில் உற்பத்தி ஆரம்பித்தது. ஐந்தே வருடத்தில் 50 கோடி போன்கள் அங்கிருந்து வெளியே போயின. நோக்கியாவில் நேரடியாக மட்டும் சுமார் 8,000 பேர். பக்கத்திலேயே சார்ஜர் செய்ய சால்காம்ப், மேலுறை செய்ய ஃபாக்ஸ்கான், இன்னும் பல கம்பெனிகள். விடியற்காலையில் அரக்கோணம், திருத்தணி, உத்திரமேரூர் பக்கமிருந்து கம்பெனி பஸ்கள் வரிசையாக வரும். வாசலில் மணிக்கட்டுப் பட்டையை மாட்டிக்கொண்டு ஈஎஸ்டி மிஷினில் விரலை வைத்துப் பச்சை விளக்கு எரிந்தால்தான் உள்ளே விடுவார்கள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் போர்டைக் கெடுத்துவிடும் என்பதற்காக அந்தச் சோதனை. வீட்டில் மிக்ஸியைத் தவிர எந்த மிஷினையும் தொட்டிராத பெண்கள் பத்தே நாளில் அதையெல்லாம் பழகிக்கொண்டார்கள். வரதட்சணைக்கு என்று இல்லாமல் தம்பி படிப்புக்கு, அப்பா கடனுக்கு, தன் பெயரில் ஒரு சீட்டுக்கு என்று பணம் போட்டார்கள். இதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது.

விழுந்தது எப்படி? இரண்டு காரணம். உலகம் முழுக்க ஜனங்கள் தொடுதிரை போனுக்கு மாறினார்கள், இங்கே பெரும்பாலும் பட்டன் போன்தான் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்தது வரித் தகராறு. வருமான வரித்துறை 2,000 கோடி ரூபாய்க்கு மேல் கேட்டு நோட்டீஸ் விட்டது, மாநில அரசும் தனியாக விற்பனை வரி கேட்டது, சொத்து முடக்கப்பட்டது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் போன் தொழில் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போனபோது சென்னை ஆலையை மட்டும் சேர்க்க முடியவில்லை. ஆர்டர் கொடுக்க ஆள் இல்லாமல் 2014 நவம்பர் 1-ஆம் தேதி ஆலை நின்றது. மேலுறை செய்துகொண்டிருந்த ஃபாக்ஸ்கானும் அடுத்த மாதமே நிறுத்தியது. எங்கள் கம்பெனியில் கடைசி வாரம் லைன் ஓடவில்லை. ரீல் ரீலாக உதிரிபாகங்களை எண்ணி, பெட்டியில் போட்டு, சீல் வைப்பதுதான் வேலை. பெண்கள் அதையும் தப்பில்லாமல் செய்தார்கள். செட்டில்மென்ட் பணத்துக்குத்தான் இழுத்தடித்தார்கள்.

இதோடு ஃபோர்டை வைத்துப் பாருங்கள். மறைமலை நகரில் இருபது வருடத்துக்கு மேல் கார் செய்துவிட்டு, 2021 செப்டம்பரில் போகிறோம் என்று அறிவித்தார்கள். 2022 ஜூலையில் கடைசி கார் வெளியே வந்தது. ஆலைத் தொழிலாளர்களுக்குப் பெரிய அடிதான். சின்னச் சின்ன சப்ளையர்களும் தவித்தார்கள். ஆனால் பாடி, அம்பத்தூர் பக்கத்து உதிரிபாகத் தொழில் சாயவில்லை. ஏன்? அந்தத் தொழில் ஃபோர்டு வருவதற்குப் பல வருடம் முன்பே இங்கே இருந்தது. அவர்கள் ஹூண்டாய்க்கும் கொடுத்தார்கள், அசோக் லேலண்டுக்கும் கொடுத்தார்கள், வெளிநாட்டுக்கும் அனுப்பினார்கள். எங்கள் பூங்காவில் இருந்த கம்பெனிகளில் பல, ஒரே வாசலுக்குத்தான் சரக்குக் கொடுத்தன. அந்த வாசல் சாத்தப்பட்டதும் வேறு போக்கிடம் இல்லாமல் போயிற்று.

இன்றைக்கும் அந்த ஆபத்து தீர்ந்துவிடவில்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஃபாக்ஸ்கான், மறைமலை நகருக்கு அப்பால் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் பெகாட்ரான் தொடங்கி இப்போது டாடாவின் கட்டுப்பாட்டில் இருக்கும் ஆலை, ஓசூர் பக்கத்தில் டாடா எலெக்ட்ரானிக்ஸ். கம்பெனிகள் பலவாகத் தெரிந்தாலும் கடைசியில் வாங்குகிறவர் பெரும்பாலும் ஒரே ஆள், ஆப்பிள். அது எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது.

ஒரு ஆறுதல் உண்டு. நோக்கியா மூடிய அதே இடத்தை 2019-ல் சால்காம்ப் வாங்கி, திரும்ப உற்பத்தி ஆரம்பித்தது. என்னோடு வேலை பார்த்தவர்கள் இன்று மூன்று நான்கு ஆலைகளில் சூப்பர்வைசர், டிரெயினர் என்று இருக்கிறார்கள். புதிதாக வந்த கம்பெனிகள் இவ்வளவு சீக்கிரம் லைனை ஓட்ட முடிந்ததற்கு அவர்களும் ஒரு காரணம். நோக்கியா போகும்போது கட்டடத்தையும் இவர்களையும் விட்டுவிட்டுப் போயிற்று. இவர்கள்தான் மிச்சம்.

கேள்வி: மின்னணு ஏற்றுமதியில் தமிழ்நாடு முதலிடம் என்று செய்தி வருகிறது. அந்தப் பணத்தில் இங்கே எவ்வளவு தங்கும்?
– வங்கி ஊழியர், வேலூர்

செய்தி உண்மை சார். தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி 2021-22-ல் 186 கோடி டாலராக இருந்தது, அடுத்த வருடம் 537 கோடி, பிறகு 956 கோடி, 2024-25-ல் 1,465 கோடி டாலர். நாட்டின் மொத்த மின்னணு ஏற்றுமதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். மத்திய அரசு 2020-ல் கொண்டுவந்த உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டமும், சீனாவை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று கம்பெனிகள் நினைத்ததும் சேர்ந்துதான் இந்த ஏற்றத்தைக் கொடுத்தன.

ஆனால் இது பெட்டிக்குள் இருக்கும் முழுப் போனின் விலை. அந்தப் போனின் சிப் தைவானில் ஆகிறது, திரை பெரும்பாலும் கொரியக் கம்பெனிகளுடையது, கேமரா சென்சார் ஜப்பான் கம்பெனியுடையது. எல்லாம் விமானத்தில் வந்து, இங்கே பூட்டப்பட்டு, விமானத்தில் போகிறது. இங்கே தங்குவது கூலி, வாடகை, மின்கட்டணம், லாரி, பஸ், கேன்டீன், கொஞ்சம் வரி. ஓசூர் பக்கத்தில் மேலுறை செய்கிறார்களே, அது மாதிரி இங்கேயே ஆகிற பாகம் ஒவ்வொன்றாகக் கூடினால்தான் தங்குகிற பணம் கூடும். 2025 மார்ச்சில் மத்திய அரசு உதிரிபாகங்களுக்கென்றே 22,919 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. அடுத்த மாதமே தமிழ்நாடும் அதற்கு ஈடாக மானியம் தருவதாகத் தனித் திட்டம் போட்டது. ஏற்றுமதி எண்ணிக்கை வரும்போது கைதட்டுவதைவிட, இந்தத் திட்டத்தில் எத்தனை பாகத்துக்கு ஆலை எழும்புகிறது என்று பார்த்துக்கொண்டிருங்கள்.

கேள்வி: கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருடம். ஓஎம்ஆரில் அறை எடுத்துத் தங்கி வேலை தேடினால்தான் கிடைக்கும் என்கிறார்கள் சீனியர்கள். உள்ளூரில் இருந்தால் வாய்ப்பே இல்லையா அக்கா?
– மாணவர், திருநெல்வேலி

சீனியர்கள் சொல்வதில் பாதி சரி தம்பி. 1997-லேயே தமிழ்நாடு தகவல் தொழில்நுட்பக் கொள்கை வெளியிட்டது, 2000 ஜூலையில் தரமணியில் டைடல் பூங்கா திறந்தார்கள். ஓஎம்ஆர் என்கிற பழைய மாமல்லபுரம் சாலை முழுக்கக் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பின. அதற்கு முன்பே இன்னொரு வேலை நடந்திருந்தது. 1984-க்குப் பிறகு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்ததால், சின்ன ஊர்களிலும் பி.இ. படித்தவர்கள் வந்துவிட்டார்கள். கல்லூரிகளின் தரத்தில் எனக்கு நிறையக் குறை உண்டு. ஆனால் அந்தக் கல்லூரிகள் இல்லாமல் ஓஎம்ஆர் நிரம்பியிருக்காது.

உன் ஊர்ப் பக்கமே ஒரு உதாரணம் இருக்கிறது. தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ என்கிற மென்பொருள் கம்பெனி 2011 முதல் அலுவலகம் நடத்துகிறது. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்த பிள்ளைகளை எடுத்து, உதவித்தொகை கொடுத்துச் சொல்லிக்கொடுக்கும் முறையை 2005-ல் ஆறே பேரோடு ஆரம்பித்த கம்பெனி அது. இப்போது விழுப்புரம், சேலம், தஞ்சாவூர், தூத்துக்குடி என்று சின்ன டைடல் கட்டடங்களும் வந்திருக்கின்றன. கட்டடம் வந்தால் மட்டும் போதாது, உள்ளே நல்ல வேலை கொடுக்கிற கம்பெனி வர வேண்டும். அதற்கு இன்னும் கொஞ்ச காலம் ஆகும் என்பதுதான் என் கணிப்பு. முதல் இரண்டு மூன்று வருடம் சென்னையோ கோவையோ போய்க் கற்றுக்கொண்டு வா. வாடகைக்கு பயந்து அந்த வருடங்களை இழக்காதே.

கேள்வி: சென்னை பெரிதா, பெங்களூரு பெரிதா?
– வாசகர், திருச்சி

மென்பொருளில் பெங்களூரு. விமானம் செய்யும் ஹெச்ஏஎல், தொலைபேசிக் கருவி செய்யும் ஐடிஐ, மின்னணுக் கருவி செய்யும் பிஇஎல் என்று மத்திய அரசு ஆலைகள் முன்பே போட்ட அடித்தளம் அது. பொருளாகச் செய்து கப்பலேற்றுவதில் சென்னையும் அதைச் சுற்றியுள்ள மாவட்டங்களும். துறைமுகம் பக்கத்தில் இருக்கிறது, கிண்டி தொழிற்பேட்டை 1958-லேயே வந்துவிட்டது.

கேள்வி: சுங்குவார்சத்திரம் பக்கம் சொந்த வீடு. மாடியில் நான்கு அறை கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறோம். வருமானம் நன்றாக இருக்கிறது. ஆனால் ஊரில் தண்ணீர், குப்பை, ரோடு எல்லாம் மோசமாகிவிட்டது. இதுதான் வளர்ச்சியா?
– இல்லத்தரசி, காஞ்சிபுரம் மாவட்டம்

நீங்கள் வாங்கும் வாடகை வளர்ச்சிதான் அக்கா. மெஸ், ஷேர் ஆட்டோ, மொபைல் ரீசார்ஜ் கடை, தையல் கடை என்று தெருவே பிழைக்கிறது. ஆலைச் சுவருக்கு உள்ளே ரோடு பளபளவென்று இருக்கும், தண்ணீர் 24 மணி நேரம் வரும். சுவருக்கு வெளியே அதே பழைய பஞ்சாயத்து, அதே பழைய தண்ணீர்த் தொட்டி. ஊரில் தங்குகிறவர்கள் பல மடங்கு ஆகிவிட்டார்கள், அவர்களில் பலருக்கு உங்கள் ஊரில் ஓட்டு இல்லை. அதனால் கேட்க ஆள் இல்லை. கிராமசபை கூடும் நாளில் போய், வாடகைக்கு இருப்பவர்களையும் கணக்கில் சேர்த்துத் தண்ணீரும் குப்பை வண்டியும் கேளுங்கள். வீட்டு உரிமையாளர்கள் நான்கு பேர் சேர்ந்து கேட்டால் எடுபடும். இன்னொரு வேண்டுகோள்: அந்த நான்கு அறையில் எத்தனை பெண்களை வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு அறைக்கு மூன்று பேருக்கு மேல் வேண்டாம். இரவு ஷிஃப்ட் முடித்து வருகிறவர்களுக்குப் பகலில் தூங்க இடம் வேண்டும்.

கேள்வி: சாம்சங்கில் 37 நாள் ஸ்டிரைக் நடந்ததே, இப்படி சங்கம் வைத்தால் முதலீடு வேறு மாநிலத்துக்கு ஓடிவிடாதா?
– சிறு வியாபாரி, ஈரோடு

ஓடவில்லையே ஐயா. ஸ்டிரைக் நடந்தது 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை. மேலே 1,465 கோடி டாலர் என்று சொன்னேனே, அது அதே நிதியாண்டின் கணக்கு. அந்த ஆலை டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் செய்வது, போன் செய்வதில்லை. அதனால் இரண்டையும் நேரடியாக முடிச்சுப் போட முடியாதுதான். ஆனால் பயந்து ஓடிய கம்பெனி எது என்று கேட்டால் யாராலும் பெயர் சொல்ல முடியாது. அந்தத் தொழிலாளர்கள் முக்கியமாகக் கேட்டது சங்கத்துக்கு அங்கீகாரம். 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று.

2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா சட்டசபையில் நிறைவேறியது நினைவிருக்கும். எல்லாச் சங்கங்களும் எதிர்த்ததால் மே 1 அன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். நின்றுகொண்டே எட்டு மணி நேரம் லைனில் வேலை பார்த்த பெண்ணின் காலை நான் பார்த்திருக்கிறேன். 12 மணி நேரத்தை எந்த ஏற்றுமதிக் கணக்கும் நியாயப்படுத்தாது. இந்திய ஆலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். கம்பெனிகள் இங்கே வருவதற்கு அவர்கள்தான் முதல் காரணம். அவர்கள் பேசினால் முதலீடு போய்விடும் என்று சொல்வது தலைகீழ்.

கேள்வி: அம்பத்தூரில் சின்ன ஒர்க்‌ஷாப். கம்ப்யூட்டரில் ஓடும் வெட்டு இயந்திரம் (விஎம்சி) இரண்டு, ஒரு சர்ஃபேஸ் கிரைண்டர். இதுவரை கார் உதிரிபாக ஜாப் ஒர்க்தான். எலெக்ட்ரானிக்ஸ் பக்கம் போக முடியுமா?
– ஒர்க்‌ஷாப் உரிமையாளர், சென்னை

நான் ரொம்ப நாளாக எதிர்பார்த்த கேள்வி இது சார். முடியும். போனுக்குள் போகும் பாகத்தை நேரடியாகப் பிடிக்க நினைக்காதீர்கள், அதற்கு அங்கீகாரம் வாங்கவே வருடக் கணக்கில் ஆகும். லைனைச் சுற்றி என்ன தேவை என்று பாருங்கள். போர்டைப் பிடித்து வைக்கும் ஃபிக்ஸ்ச்சர், சோதிக்கும்போது போர்டைத் தாங்கும் டெஸ்ட் ஜிக், பாகங்களை அடுக்கும் டிரே, சோல்டர் செய்யும்போது போர்டைச் சுமக்கும் பேலட். ஒவ்வொரு புது மாடலுக்கும் இவை எல்லாம் மாறும். இவற்றில் நிறைய இன்னும் வெளிநாட்டிலிருந்து வருகிறது. ஒரு ஜிக் உடைந்தால் லைன் நிற்கும், வெளிநாட்டிலிருந்து வரும் வரை காத்திருக்க எந்த மேனேஜராலும் முடியாது. மறுநாள் காலை கொண்டுவந்து கொடுக்க அம்பத்தூரால் முடியும். உங்கள் பலமே அந்த ஒரு நாள்தான்.

மெட்டல் மட்டும் போதாது. ஈஎஸ்டி பிளாஸ்டிக், பேக்கலைட் வகைகளை வெட்டப் பழகிக்கொள்ளுங்கள், அளவில் காருக்குப் பார்த்ததைவிடக் கறாராக இருப்பார்கள். பெரிய கம்பெனி வாசலுக்குப் போகாமல், அவர்களுக்கு ஃபிக்ஸ்ச்சர் சப்ளை செய்யும் இரண்டாம் நிலைக் கம்பெனியிலிருந்து ஆரம்பியுங்கள். ஒருவரிடம் பாதிக்கு மேல் ஆர்டர் சேர விடாதீர்கள். கார் வேலையையும் கை விட்டுவிட வேண்டாம்.

பணம்தான் சிக்கல். சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு கையில் இருக்கட்டும், ஒவ்வொரு பில்லிலும் அந்த எண்ணைப் போடுங்கள். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது சட்டம். தாமதித்தால் வாங்கியவர் வட்டி கட்ட வேண்டும், நிதியாண்டு முடிவதற்குள்ளும் கொடுக்காவிட்டால் அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் அந்த வருடம் கழிக்கவும் முடியாது. அதனால் மார்ச் மாதம் அவர்களே கூப்பிட்டுக் கொடுப்பார்கள். அதுவரை காத்திருக்க முடியாதென்றால் டிரெட்ஸ் தளத்தில் பில்லைப் போட்டு வங்கியிடமிருந்து முன்னதாக வாங்கிக்கொள்ளலாம். முதல் ஆர்டருக்கு டெலிவரி சலானில் கையெழுத்தும் தேதியும் வாங்காமல் வண்டியைத் திருப்பாதீர்கள்.